கண்ணாடி நம்முடையது, பார்வை பிறருடையது

புதிதாக ஒரு மகிழுந்து வாங்கியவுடன் ஜொகூரில் நம்மவர்கள் தவறாமல் செய்யும் வேலைகள் மூன்று. கோயிலுக்கு ஓட்டிச் சென்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது முதலாவது. பதிவு எண்ணைக் கூட்டிப் பார்த்து ராசிக்குப் பொருந்துகிறதா என்று மகிழ்வது இரண்டாவது. கண்ணாடி முழுவதும் கறுப்புப் படலம் ஒட்டுவது மூன்றாவது. முதல் இரண்டினால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் உங்களிடம் சில சொற்கள் பேச விரும்புகிறேன்.

‘கண்ணாடியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? மொழி, இலக்கியம், சமுதாயம் என்று எத்தனையோ தலைப்புகள் இருக்க, ஆண்டு மலரில் இதற்கு ஏன் இடம்?’ என்று நீங்கள் கேட்கலாம். இதுவும் சமுதாயம்தான் நண்பர்களே. ஒரு சாலையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போகிறோமா, பார்க்காமல் போகிறோமா என்பதைவிடப் பெரிய சமுதாயக் கேள்வி எனக்குத் தெரியவில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், சில வகைக் கண்ணாடிகளைத் தடை செய்யும் விதிகள் 1991ஆம் ஆண்டில் இயற்றப்பட்டன. அவற்றின்படி முன்பக்கப் பெரிய கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். ஓட்டுநருக்கும் அவர் அருகில் இருப்பவருக்கும் பக்கத்தில் உள்ள கண்ணாடிகள் 50 விழுக்காடு வெளிச்சத்தை விட வேண்டும். பின்பக்கக் கண்ணாடிகளுக்கு முதலில் 50 விழுக்காடு என்று இருந்தது. பிறகு 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி முதல் அந்த வரம்பும் நீக்கப்பட்டது. அன்றைய அறிவிப்பின்படி பின்னிருக்கைப் பக்கக் கண்ணாடிகளையும் பின்கண்ணாடியையும் எவ்வளவு வேண்டுமானாலும் கறுப்பாக்கிக் கொள்ளலாம். முன்பக்கத்தில் மட்டும் பழைய 70, 50 அப்படியே நீடித்தது. மீறினால் நீதிமன்றத்தில் 2,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. 70 விழுக்காடு என்றால் 70 விழுக்காடு கறுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. எண் கூடக்கூடக் கண்ணாடி தெளிவாகிறது. 70 என்பது ஏறக்குறைய வெறும் கண்ணாடி மாதிரி. 50 என்பது மெல்லிய நிழல். 20க்குக் கீழே போனால் பகலில்கூட வெளியே நிற்பவருக்கு உள்ளே இருப்பவர் முகம் தெரியாது.

இதையெல்லாம் நான் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. பருவ விடுமுறையில் மகிழுந்து அலங்காரப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் இரண்டு மாதம் கல்லாவில் இருந்தேன். ரசீது எழுதுவது என் வேலை. கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, படலத்தை விரித்து, ரப்பர் தகட்டால் வழித்து, ஹீட் கன்னால் சூடேற்றிச் சுருக்கமில்லாமல் ஒட்டும் அண்ணன்மாரின் கைத்திறனைப் பார்த்து வியந்திருக்கிறேன். ஆனால் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. ‘வெயில் எவ்வளவு குறையும்?’ என்று கேட்டவர் சிலரே. ‘பாஸ், நல்லா கறுப்பா போடுங்க, வெளிய நின்னா உள்ள ஒண்ணும் தெரியக்கூடாது’ என்று கேட்டவர்களே பலர். இரண்டும் ஒரே கேள்வி என்று அவர்கள் நம்பினார்கள். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

கறுப்பு வேறு, குளிர்ச்சி வேறு. சூரியனிடமிருந்து நமக்கு வரும் ஆற்றலில் பாதிக்கும் குறைவுதான் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். ஏறக்குறைய மறுபாதி அகச்சிவப்புக் கதிர்கள். அவை கண்ணுக்குத் தெரியாது, தோலில்தான் சுடும். மிச்சமிருக்கும் சிறு பங்கு புற ஊதாக் கதிர்கள். ஆகவே வெளிச்சத்தை விட்டுவிட்டு அகச்சிவப்பை மட்டும் பெருமளவு தடுக்கும் படலம் ஒன்று இருந்தால், கண்ணாடி தெளிவாகவும் இருக்கும், உள்ளே வெப்பமும் குறையும். அப்படிப்பட்ட படலங்கள் கடைகளில் இருக்கின்றன, விலைதான் அதிகம். மலிவான சாயப் படலமோ வெளிச்சத்தை மறைக்கும். வெப்பத்தைத் தானே உறிஞ்சிக்கொண்டு கண்ணாடியைச் சூடாக்கும். சில ஆண்டுகளில் ஊதா நிறமாகிக் குமிழ் விடும். நம் தாமான்களில் அப்படி ஊதாவாகிப்போன கண்ணாடிகளை எல்லாரும் பார்த்திருப்போம். ஜொகூர் வெயில் கடுமையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகை தொலைவில்தான் வாழ்கிறோம். ஆனால் வெயிலைக் காரணம் காட்டி நாம் வாங்குவது பெரும்பாலும் நிழலை அல்ல, மறைவை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் கண்ணாடியே முழு வெளிச்சத்தையும் விடுவதில்லை. ஒரு கண்ணாடி 80 விழுக்காடு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 70 விழுக்காடு விடும் படலத்தை ஒட்டினால் மொத்தம் 56 விழுக்காடுதான் மிஞ்சும். சட்டம் பார்ப்பது படலத்தின் பெட்டியில் அச்சிட்ட எண்ணை அல்ல. கண்ணாடியும் படலமும் சேர்ந்து விடும் வெளிச்சத்தை. ‘கடைக்காரர் எழுபது என்றுதான் சொன்னார்’ என்று சம்மன் வாங்கியபின் புலம்புகிறவர்கள் பலர், இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்தாம். ஓட்டுநர் வெயில் கண்ணாடியும் அணிந்திருந்தால் கணக்கு இன்னும் மோசம். 50 விழுக்காடு விடும் பக்கக் கண்ணாடி வழியாக, 20 விழுக்காடு விடும் மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால், வெளியே உள்ள வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் கண்ணை அடைகிறது.

சரி, குறைவாகத் தெரிந்தால் ஓட்டுகிறவனுக்குத்தானே சிரமம், சட்டத்துக்கு என்ன வந்தது என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அப்பா பதினெட்டு ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். விடியற்காலை நாலரை மணிக்கு, ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, மழைச்சட்டையை இருக்கைக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு கிளம்புவார். அவரைப் போல ஜொகூரில் எத்தனையோ ஆயிரம் குடும்பத் தலைவர்கள். நான் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகியபோது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் கிளட்சும் கியரும் அல்ல. “சந்துல இருந்து ஒரு கார் மூக்க நீட்டுனா காரப் பாக்காதம்மா. உள்ள இருக்கிறவன் மூஞ்சியப் பாரு. அவன் உன்னப் பாத்தானா இல்லையான்னு பாரு. பாக்கலன்னா நீ நில்லு” என்றார்.

அந்த ஒரு பாடத்தில்தான் நாள்தோறும் பல உயிர்கள் தப்பிக்கின்றன என்று நினைக்கிறேன். சந்திப்பில், சுற்றுவட்டத்தில், பள்ளிக்கூட வாசலில், யார் முதலில் போவது என்பதைச் சாலைக் குறிகள் மட்டும் முடிவு செய்வதில்லை. ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு, ‘நீ போ’ என்று ஒரு கையசைப்பு முடிவு செய்கின்றன. முன்பக்கக் கண்ணாடி கறுத்துப்போனால் அந்தப் பேச்சு அறுந்துபோகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் ஒரு மனிதரோடு அல்ல, ஒரு கறுப்புப் பெட்டியோடு சாலையைப் பகிர்ந்துகொள்கிறார்.

நம் நாட்டில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தனர். சாலையில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். அவை எல்லாம் கறுப்புக் கண்ணாடியால் வந்தவை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அறியாமை. ஆனால் இவ்வளவு பேர் இரண்டு சக்கரத்தில் உயிரைப் பணயம் வைத்துப் போகும் ஒரு நாட்டில், நான்கு சக்கரக்காரர் தம் முகத்தை மறைத்துக்கொள்வது அவருடைய சொந்த விருப்பம் மட்டும் அல்ல. கண்ணாடி நாம் காசு கொடுத்து வாங்கியது. அதன் வழியே தெரிகிற பார்வையில் மற்றவருக்கும் பங்கு உண்டு.

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றை மட்டும் என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. அது பெண்களின் பாதுகாப்பு. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது பக்கக் கண்ணாடியை உடைத்துக் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடும் திருடர்களுக்கு ஜொகூர் பாரு ஒரு காலத்தில் பெயர்போன ஊர். நானும் ஒரு பெண். நூலகம் மூடியபின் இரவில் தனியாக வீடு திரும்புகிறவள். தனியாக ஒரு பெண் ஓட்டிவருகிறாள் என்பது வெளியே தெரியாமல் இருப்பது ஒரு நிம்மதி என்று என் தோழியர் சொல்லும்போது அந்த அச்சம் எனக்குப் புரிகிறது.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள் தோழியரே. கறுப்புக் கண்ணாடி திருடனிடமிருந்து நம்மை மறைக்கிறது என்றால், உதவ வரக்கூடியவரிடமிருந்தும் நம்மை மறைக்கிறது. 2012ஆம் ஆண்டு டிசம்பரில் டில்லியில் அந்த மாணவிக்குக் கொடுமை நேர்ந்த பேருந்து, கறுப்புக் கண்ணாடியும் திரையும் போட்ட பேருந்து. உள்ளே நடந்தது வெளியே சாலையில் போன ஒருவருக்கும் தெரியவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதிதான் இந்திய உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி கபாடியாவின் அமர்வில், மகிழுந்துக் கண்ணாடிகளில் எந்த அளவிலும் கறுப்புப் படலம் ஒட்டக்கூடாது என்று தீர்ப்பளித்திருந்தது. சட்டம் வந்தும் அந்தப் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது என்பது வேறு சோகம். பிற்பாடு அங்கே விதிகள் மாறின. முன், பின் கண்ணாடிகள் 70, பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு வெளிச்சம் விடுமானால் படலம் ஒட்டுவது குற்றமல்ல என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் கூறியது. எவ்வளவு மாறினாலும் உள்ளே இருப்பவர் வெளியே தெரிய வேண்டும் என்ற அடிப்படையை அந்த நாடு கைவிடவில்லை.

கைப்பையை இருக்கையில் வைக்காமல் காலடியில் வைத்தால் திருடன் கண்ணில் படாது. அதற்கு ஒரு காசும் செலவில்லை. பக்கக் கண்ணாடிக்கு 50 விழுக்காடு நிழல் சட்டப்படியே உண்டு. அதற்கு மேல் மறைத்துத்தான் ஒரு பெண் பாதுகாப்பாக வீடு சேர முடியும் என்றால், நாம் கேட்க வேண்டியது கறுப்புப் படலம் அல்ல. விளக்கு எரியும் தெருக்களும் ரோந்து வரும் காவலும்தாம்.

இனி இந்தச் சட்டத்தில் எனக்கு உறுத்தலாக இருக்கும் இடத்துக்கு வருகிறேன். 2019இல் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் புதிய விதிகளை அறிவித்தபோது, பாதுகாப்புக் காரணத்துக்காக முன்பக்கத்தையும் கறுப்பாக்க விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார். விண்ணப்பத்துக்கு 50 வெள்ளி. அனுமதி கிடைத்தால் இரண்டு ஆண்டுக்கு 5,000 வெள்ளி. மருத்துவக் காரணத்துக்காக விண்ணப்பிப்பவர்களுக்கு அந்த 5,000 வெள்ளிக் கட்டணம் இல்லை. வெயில் பட்டாலே தோல் புண்ணாகும் நோயாளிகளுக்கு இது நியாயமான சலுகை. அதை முழுமனத்தோடு வரவேற்கிறேன்.

அந்த ஐயாயிரம் வெள்ளிதான் புரியவில்லை. ஒருவருடைய உயிருக்கு உண்மையாகவே ஆபத்து இருக்கிறது என்று அதிகாரிகள் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டால், அவரிடம் பணம் வாங்குவது ஏன்? ஆபத்து இல்லை என்றால் அனுமதி கொடுப்பது ஏன்? 2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளக்காரருக்கு ஐயாயிரம் வெள்ளி என்பது ஏறக்குறைய மூன்று மாத உழைப்பு. மிரட்டலுக்கு ஆளான ஒரு சிறு கடைக்காரரோ, முன்னாள் கணவனுக்குப் பயந்து வாழும் ஒரு பெண்ணோ அதைக் கட்ட முடியுமா? பணம் உள்ளவர் மறைந்துகொள்ளலாம், இல்லாதவர் சம்மன் வாங்கலாம் என்றால், ஊருக்கொரு நியாயம், ஆளுக்கொரு சட்டம் என்றாகிவிடும். ‘பெரிய மனிதர்கள் கறுப்பாக வைத்திருக்கிறார்கள், நான் ஏன் வைக்கக்கூடாது?’ என்று கடையில் ஒரு வாடிக்கையாளர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சட்டத்தின்மேல் மதிப்பு குறைவது அப்படித்தான்.

பின்பக்க வரம்பை முற்றாக நீக்கியதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. முன்னே போகும் மகிழுந்தின் கண்ணாடிகள் வழியாக அதற்கு முன்னே நடப்பதையும் பார்த்து ஓட்டுவது நல்ல ஓட்டுநரின் பழக்கம். பின்கண்ணாடி சுவராகிவிட்டால் அந்தப் பழக்கம் பயனற்றுப் போகிறது. அதைவிட முக்கியமாக, பின்னிருக்கை என்பது நம் குழந்தைகள் உட்காரும் இடம். 2023ஆம் ஆண்டில் பின்னிருக்கையில் மறந்து விடப்பட்ட பிஞ்சுகள் இறந்த செய்திகளைப் படித்துக் கலங்காதவர் யார்? பெற்றோரைக் குறை கூற நான் ஆளில்லை. ஆனால் வாகன நிறுத்துமிடத்தில் நடந்துபோகிற யாரோ ஒருவர் தற்செயலாக உள்ளே ஒரு குழந்தையைப் பார்த்துவிடும் வாய்ப்பு என்று ஒன்று இருக்கிறது. அந்த வாய்ப்பை முழுக்க மூடிவிட வேண்டுமா? சிங்கப்பூரில் பின்பக்கத்துக்கு 25 விழுக்காடு என்ற வரம்பு உண்டு. முன்பக்கம் பெரிய கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் 70. வெயிலில் நமக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்ப் பாலம்தான். அவர்கள் பொறுத்துக்கொள்ளும் வெயிலை நாமும் பொறுத்துக்கொள்ளலாம்.

அமலாக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய மகிழுந்து, கறுப்புக் கண்ணாடி, உள்ளே மூன்று இந்திய இளைஞர்கள் என்றால் பார்த்தவுடன் ஒரு முடிவுக்கு வந்துவிடும் மனப்பான்மை பொதுமக்களிடம் உண்டு; நம்மவர்களிடமே உண்டு. அதே கறுப்பை விலையுயர்ந்த வாகனத்தில் பார்த்தால் யாரோ தத்தோ போகிறார் என்று ஒதுங்கி வழிவிடுகிறோம். இதற்கு மருந்து, கண்ணால் பார்த்து அல்ல, கருவியால் அளந்து நடவடிக்கை எடுப்பது. கண்ணாடியின் இரு புறமும் வைத்து வெளிச்சத்தை அளக்கும் கருவிக்கு இனமும் தெரியாது, பட்டமும் தெரியாது. 50 என்றால் எல்லாருக்கும் 50. சட்டத்தைக் கண்டு முதலில் முகம் சுளிப்பவர்கள் நம் இளைஞர்கள்தாம். ஆனால் எண்ணில் எழுதப்பட்ட சட்டம் ஒழுங்காக நடந்தால் முதலில் பயன்பெறுபவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. தமிழ்த் திரைப்படங்களில் கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டி வரிசை வந்து நின்றால் ஒன்று வில்லன் இறங்குவான், அல்லது வில்லனை அடிக்கப்போகிற கதாநாயகன் இறங்குவான். இரண்டுக்கும் திரையரங்கில் விசில் அடிக்கிறோம். முகம் தெரியாதவனிடம் அதிகாரம் இருக்கிறது என்று சிறு வயது முதலே நமக்குப் பழக்கப்படுத்திவிட்டார்கள். ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்று தமிழ்ப்பள்ளியில் பழமொழிப் பாடத்தில் மனப்பாடம் செய்த நாம், வளர்ந்து சம்பாதித்தவுடன் முதல் வேலையாக முகத்தை மறைத்துக்கொள்கிறோம்.

ஆகவே நான் கேட்பவை இவை. ஒன்று, பாதுகாப்பு அனுமதிக்கான ஐயாயிரம் வெள்ளி நீக்கப்பட வேண்டும். ஆபத்து உள்ளவருக்கு இலவசமாகவும், இல்லாதவருக்கு எந்த விலைக்கும் கிடைக்காமலும் இருக்க வேண்டும். இரண்டு, பின்பக்கத்துக்குப் பழைய 30 விழுக்காடு வரம்பு திரும்ப வேண்டும். மூன்று, படலம் ஒட்டும் ஒவ்வொரு கடையும் வேலை முடிந்தபின் கண்ணாடியை அளந்து அந்த எண்ணை ரசீதில் எழுதித் தர வேண்டும். இரண்டு மாதம் ரசீது எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன், அதற்குக் கூடுதலாக ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒட்டிக்கொண்டவரை மட்டும் தண்டித்து, ஒட்டிக் கொடுத்தவரை விட்டுவிடுவது பாதிச் சட்டம்.

நான்காவது கோரிக்கை அரசாங்கத்திடம் அல்ல, உங்களிடம். நம்மில் பலர் இன்னும் சில மாதங்களில் பட்டம் பெற்று, வேலைக்குப் போய், கடன் எடுத்து முதல் மகிழுந்து வாங்கப்போகிறோம். கடைக்குப் போகும்போது ‘எவ்வளவு கறுப்பு?’ என்று கேட்காதீர்கள். ‘அகச்சிவப்பை எவ்வளவு தடுக்கும்? ஒட்டியபின் மொத்தம் எவ்வளவு வெளிச்சம் விடும்?’ என்று கேளுங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் முன்பக்கத்தை வெறுமனே விட்டுவிட்டுப் பின்பக்கத்துக்கு மட்டும் மெல்லிய படலம் ஒட்டிக்கொள்ளுங்கள். மறுநாள் விடியற்காலை நீங்கள் தாமான் சந்தில் இருந்து வெளியே வரும்போது, பெரிய சாலையில் மழைச்சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வருகிறவர் உங்கள் முகத்தைத் தேடுவார். அவருக்கு அது தெரியட்டும்.